ஆறு லைனும் நிறைந்த நாள்

ஆரையம்பதியில் கைபேசி திருத்தும் சுதாகரனிடம் தலைக்கனம் கிடையாது, பிடிவாதம் மட்டும் வேண்டிய மட்டும் உண்டு. ஊரே வட்ஸ்அப்பில் கிடக்கும்போது, கடையில் இருந்த ஒரு கிழட்டுக் கணினியில் வெறும் எழுத்தாலான தகவல் பலகை ஒன்றை அவன் நடத்திக்கொண்டிருந்தான். படம் இல்லை, பாட்டு இல்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும்தான். எங்கே மீன் படுகிறது, யாரிடம் ஐஸ் இருக்கிறது, வாவியில் காற்று எப்படி என்று ஆட்கள் தங்கள் கைபேசியிலிருந்து எழுதிப்போடுவார்கள். வெறும் எழுத்து என்பதால் சிக்னல் ஒரு கோடு மட்டும் இருக்கும் இடத்திலும் அது திறக்கும். அந்தக் கணினி ஒரே நேரத்தில் ஆறு பேரைத்தான் தாங்கும். அந்த ஆறு இடங்களையும் அவன் லைன் என்பான்.

முன்பு பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் நின்றவன் அவன். கிழமைக்கு ஒருமுறைதான் வீடு. அது பிடிக்காமல்தான் கடை போட்டான். கடையோடு நின்றிருந்தால் மனைவி தனுஷா வாயே திறந்திருக்கமாட்டாள். திருத்தக் கொடுத்த கைபேசிகளெல்லாம் மேசையில் குவிந்துகிடக்க, இவன் பலகையே கதியென்று இருந்தான்.

"மாரி முடியுறதுக்குள்ள இது ஆட்களுக்கு உதவுதெண்டு எனக்குக் காட்டுங்க. இல்லாட்டி நிப்பாட்டிப்போட்டு ஹோட்டலுக்கே போங்க" என்றாள். அவனும் சம்மதித்தான். ஹோட்டல் முதலாளி அவனுக்காக இடத்தைக் காலியாகவே வைத்திருந்தார்.

பலகைக்கு வந்த வியாதி விசித்திரமானது. ஆட்கள் வராமல் இல்லை, வந்தவர்கள் வெளியேறுவதே இல்லை. பலகையைத் திறந்தபடி வைத்துவிட்டு உலையைப் பார்க்கப் போவார்கள், குளிக்கப் போவார்கள், வலையைத் தூக்கிக்கொண்டு வாவிக்கே போய்விடுவார்கள். ஆறு லைனும் அடைத்துக்கிடக்கும். கதிரவெளியில் கருவாடு போடும் புஸ்பம் அக்கா கதவைத் தட்டித் தட்டி அலுத்துப்போய் அவனைக் கைபேசியில் அழைத்தார்.

"உள்ளுக்க இருக்கிறவங்க நித்திரையா முழிப்பா எண்டாவது எனக்குக் காட்டு தம்பி!"

நியாயமான கேள்வி. யார் உள்ளே இருக்கிறார், என்ன செய்கிறார் என்று எல்லோருக்கும் தெரியவேண்டும். சுதாகரன் உட்கார்ந்து யோசித்தான், யோசித்து ஒரு முட்டாள்தனத்தைச் செய்தான். யாராவது பலகையை விட்டுக் கையை எடுத்தால் 'எங்கே போறீங்க?' என்று திரை கேட்கும். அவர் சொல்லும் பதில் பெயருக்குப் பக்கத்தில் நிற்கும். படித்த மூளை இப்படித்தான் சிலவேளை வீட்டு முற்றத்தையே மறந்துவிடும்.

அடுத்த நாள் நல்லரத்தினம் கடை வாசலில் வந்து நின்றார். வாவியிலேயே வயதைக் கழித்த மனுசன். முகம் சிவந்திருந்தது.

"டேய் சுதா, தொழிலுக்கு வெளிக்கிடுறவனைப் பார்த்து எங்க போறாய் எண்டு கேட்கலாமாடா? உன்ர அம்மா கேட்பாவா? வலையைத் திண்ணையில போட்டுட்டு இருந்திட்டன். இனி உன்ர பலகைப் பக்கம் தலைவச்சும் படுக்கமாட்டன்!"

சுதாகரனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. கணவன் வெளியே புறப்படும்போது தனுஷாகூட அப்படிக் கேட்டதில்லையே! செய்தி பரவியது. ஆறு லைனும் வெறுமையாகின. மாரியும் இறங்கிவிட்டது.

வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் அவனுக்கு ஹோட்டல் மேசை ஞாபகம் வந்தது. அங்கே எந்த விருந்தாளியிடமும் எங்கே போகிறீர்கள் என்று அவன் கேட்டதில்லை. பின்னால் சாவி மாட்டும் பலகை இருக்கும். சாவி தொங்கினால் ஆள் வெளியே, கொக்கி வெறுமையாக இருந்தால் ஆள் உள்ளே. ஒரு பார்வை போதும். கேட்காமலே தெரிந்துகொள்ளும் வித்தையைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் முழுக்கக் கேள்வி கேட்டிருக்கிறான், மடையன்!

கேள்வியைத் தூக்கி எறிந்தான். இப்போது கணினியே பார்த்துக்கொண்டது. விரல் தட்டினால் பெயருக்குப் பக்கத்தில் 'எழுதுகிறார்'. பக்கம் நகர்ந்தால் 'வாசிக்கிறார்'. ஒன்றும் அசையாவிட்டால் 'கை ஓய்ந்திருக்கிறது'. கீழே, வெளியே காத்திருப்பவரின் பெயர். யாரையும் அது துரத்தாது. வெளியேறுகிறவருக்கு 'போயிற்று வாங்க' என்று மட்டும் சொல்லும்.

புஸ்பம் அக்கா வந்தார். இன்னும் இரண்டொருவர் எட்டிப்பார்த்தார்கள். நல்லரத்தினம் வரவில்லை.

பிறகு அடைமழை. வாவி நிரம்பி வீட்டு வேலிகளைத் தொட்டது. வாவி கடலைச் சேரும் முகத்துவாரத்தை அடைத்திருந்த மணலை வெட்டிவிடப்போகிறார்கள் என்று ஒரு கதை, வெட்டமாட்டார்கள் என்று இன்னொரு கதை. வெட்டினால் வாவித் தண்ணீர் கடலுக்குப் பாயும், கிடக்கிற வலைகளையெல்லாம் இழுத்துக்கொண்டு போகும். மின்சாரம் போனது. கைபேசிகளில் வட்ஸ்அப் சுற்றிக்கொண்டே நின்றது. சுதாகரன் பழைய வாகனப் பற்றரியைக் கணினிக்குக் கொடுத்தான். பலகை திறந்தது.

ஒவ்வொருவராக வந்தார்கள். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் வீடுள்ள ரதீஸ் எழுதினான்: 'பெக்கோ மெசின் வந்து நிக்குது. மண் வெட்டத் தொடங்கப் போறாங்கள்.' ஆறு லைனும் நிறைந்தன. அப்போது கீழே ஒரு பெயர் விழுந்தது. வெளியே காத்திருப்பவர்: நல்லரத்தினம்.

சுதாகரன் விசைப்பலகையை இழுத்தான். அவருடைய வலைகள் வாவியில் கிடந்தன. யாரை வெளியே தள்ளுவது? அவன் கையை வைக்குமுன்னே புஸ்பம் அக்காவின் பெயருக்குப் பக்கத்தில் 'எழுதுகிறார்' என்று வந்தது.

'நான் வாசிச்சு முடிச்சிட்டன். அண்ணன், நீங்க உள்ளுக்க வாங்க.'

அவர் இறங்கினார், நல்லரத்தினம் ஏறினார். வெளியே அடுத்த பெயர் விழுந்தது. வாசித்து முடித்த இன்னொருவர் தானாகவே இறங்கினார். கடைசிவரைக்கும் இப்படித்தான். ஒருவரும் ஒருவரையும் ஏசவில்லை. அப்படி ஒரு மரியாதையை சுதாகரன் எந்தப் பேருந்திலும் கண்டதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டான், துடைத்ததை மறைக்கவும் இல்லை.

'வாசிக்கிறார்' என்று நின்ற நல்லரத்தினத்தின் பெயர் மறைந்தது. பின்னேரம் மீண்டும் வந்தது.

'வலை முழுக்கக் கரையில. டேய் சுதா, போயிற்று வாறன்.'

மழை விட்டதும் கடைத் தொலைபேசி அடித்தது. அன்று கடையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருந்த தனுஷா எடுத்தாள். ஹோட்டல் முதலாளி.

"சுதாகரன் எங்க தங்கச்சி? வேலைக்கு எப்ப வாறாராம்?"

அவள் திரையைப் பார்த்தாள். ஆறு பெயர்களுக்கும் மேலே, நடத்துகிறவனுக்குரிய இடத்தில், கணவனின் பெயர் இருந்தது.

"அவர் எழுதிக்கொண்டிருக்கார், சேர்" என்றாள். "அந்த இடத்துக்கு வேற ஆளைப் பாருங்க."