பூஜைக்குத் துடைத்த கணினி

அந்தத் திங்கட்கிழமையை நினைத்தால் இன்றும் எனக்குக் காது சூடாகிறது. 1998, ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்பு. மாலை ஐந்து பத்துக்கு, கையில் ஒரு காலி கேசட்டோடு, அம்பத்தூரில் ஒரு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரின் படியேறினேன். நேரம் என் டைரியில் இருக்கிறது. அன்று நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதும் அதில் இருக்கிறது. அந்த வரியை எழுதியது மதியம்.

அப்போது நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தகரப் பட்டறையில் ஃபிட்டர். தகரத்தை அடித்து வெட்டும் பிரஸ் மெஷின்களின் அச்சுகளைப் பழுது பார்ப்பது வேலை. வெள்ளானூரிலிருந்து ஆவடி வரை சைக்கிள், அங்கிருந்து பஸ். ஆவடி நூலகத்தில் எடுத்த ஒரு புத்தகத்தில், ரயில் சத்தத்தைப் பதிவு செய்து, அதை வெட்டி ஒட்டி இசையாக்கிய ஒரு வெளிநாட்டுக்காரரைப் பற்றி இரண்டு பக்கம் இருந்தது. அந்த இரண்டு பக்கத்தையும் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். மறுநாள் பட்டறைக்குள் நுழைந்தபோது மூன்றாம் நம்பர் பிரஸ்ஸின் சத்தம் எனக்கு வேறு மாதிரி கேட்டது.

அந்த மெஷினை ஓட்டியவன் என் வயதுக்காரன், நண்பன். மற்றவர்கள் ஒரே சீராக அடிப்பார்கள். அவன் இரண்டு அடி வேகமாக அடித்து, தகரத்தைத் தள்ள ஒரு மூச்சு நிறுத்தி, மூன்றாவதை அடிப்பான். அந்த நிறுத்தத்தில் துண்டை ஊதித் தள்ளும் காற்று ‘ஸ்ஸ்’ என்று சீறும். டங் டங், ஸ்ஸ், டங். நாள் முழுக்க அது தாளம் தப்பாது.

ஆயுத பூஜைக்கு எங்கள் பட்டறையில் எல்லா மெஷினும் நின்றுவிடும். சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, காலடியில் எலுமிச்சம்பழம். பொட்டு வைத்த மெஷினை விஜயதசமி வரை யாரும் தொடக்கூடாது. வாசலில் மைக்செட் சினிமாப் பாட்டு போடும். இந்த வருஷம் அதே மைக்செட்டில் உன் மெஷினின் சத்தத்தில் செய்த பாட்டு கேட்கும், அது நிற்கிற நாளில் எல்லாரும் அதைக் கேட்பார்கள் என்று கேன்டீனில் வைத்து அவனிடம் சொல்லிவிட்டேன்.

“இன்னா மாமே, மெஷினு பாடப் போவுதா?” என்றான். “அத்தான் தெனிக்கும் பாடிக்கினு கீதே, பாதிப் பேருக்குக் காது செவுடு. பூஜ அன்னிக்காவது நிம்மதியா உடுறா.”

கேன்டீனே சிரித்தது. ஆனால் அன்று மாலையே அவன் தனியாக வந்து, “நெசமா சொல்றியா? என் மெஷினையா?” என்று கேட்டான். அந்தக் கேள்வி எனக்குப் போதுமாக இருந்தது.

டேப் ரெக்கார்டரை அவனுடைய மெஷினுக்குப் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்தேன். ஜூனில் சென்டரில் சேர்ந்தேன். கடிதம் டைப் செய்யும் வகுப்பு அது. எனக்குத் தேவை ஓரத்தில் இருந்த ஆறாவது கணினி. அதில் மட்டும்தான் ஒலி அட்டையும் ஸ்பீக்கரும் இருந்தன. ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த குறுந்தகட்டிலிருந்து யாரோ அதில் ஓர் இசை மென்பொருளை ஏற்றியிருந்தார்கள். சென்டரில் யாருக்கும் அதை இயக்கத் தெரியாது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்ற வேண்டும். நகத்தில் கிரீஸ் தெரிந்தால் மேனேஜர் என்னை மட்டும் திருப்பி அனுப்புவார். “கை கழுவிட்டு வாங்க சார், மவுஸ் அழுக்காகுது.” நான்கு மாதம் மண்ணெண்ணெயிலும் சோப்பிலும் கை கழுவிக் கழுவித் தோல் உரிந்தது.

அந்த மென்பொருளில் ஸ்வரக்குறி எதுவும் கிடையாது. திரை முழுக்கக் கட்டம், கட்டம் முழுக்க எண். நேரம் மேலிருந்து கீழே ஓடும். எந்த வரியில் எந்தச் சத்தம், எவ்வளவு உரக்க என்று எண்ணாகப் போட வேண்டும். முதல் இரண்டு வாரம், கேசட்டிலிருந்து கணினிக்குள் ஏற்றிய என் பதிவு தகரத்தை ஆணியால் கீறுவதுபோல் வந்தது. ஒலியை அளவுக்கு மீறி உள்ளே விட்டிருக்கிறேன் என்பது மூன்றாவது வாரம்தான் தெரிந்தது. பிறகு வெட்டும் பிரச்சினை. ஒரு சுற்றை வெட்டித் திரும்பத் திரும்ப ஓடவிட்டால், ஒட்டுமிடத்தில் ‘டிக்’ என்று ஒரு சொடுக்கு. அலைக்கோடு நடுக்கோட்டைத் தொடும் இடத்தில் வெட்டினால் சொடுக்கு போகும் என்பதை ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை நானே கண்டுபிடித்தேன். அன்றைய பக்கத்தில் அதைச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். வெட்டு மயிரிழை குறைந்தால் பத்தாவது சுற்றில் தாளம் நொண்டும். நொண்டியது. மறுபடி வெட்டினேன்.

ஒவ்வொரு நாளும் திரையிலிருந்த எண்களை நோட்டில் எழுதிக்கொண்டேன். எனக்கு அது பழக்கம். ஆனால் சத்தத்தை நோட்டில் எழுத முடியாது. அது ஒரு ஃபிளாப்பியில் அடங்கவில்லை. நான்கைந்தில் பிரித்து எடுக்கிறேன் என்றேன். வெளி ஃபிளாப்பி உள்ளே வந்தால் வைரஸ் வரும் என்றார் மேனேஜர். “எங்க போயிடப் போகுது சார்? கம்ப்யூட்டர்லதானே இருக்கு. பேங்க் லாக்கர் மாதிரி.”

நம்பினேன். நம்பியதோடு நிற்காமல், சத்தம் பத்திரமாகக் கணினிக்குள் இருக்கிறதே என்று அந்தப் பழைய கேசட்டின் மேல் ரேடியோ பாட்டைப் பதிவு செய்துவிட்டேன். பஸ் டிக்கெட்டைக்கூடத் தேதி எழுதி வைக்கிறவன் நான்.

திங்கள் மாலை கதவைத் திறந்தால் சாம்பிராணி வாசனை. ஊழியர்கள் மறுநாளே ஊருக்குக் கிளம்புவதால் பூஜையை முன்னதாக வைத்துவிட்டார்களாம். ஆறு கணினிக்கும் நெற்றியில் பொட்டு, விசைப்பலகை மேல் சாமந்தி. மேனேஜர் பொரியும் சுண்டலும் நீட்டினார்.

“அரை மணி நேரம் போதும். என் பாட்டைக் கேசட்டுல எடுத்துக்கணும். நாளன்னைக்கு எங்க பூஜை” என்றேன்.

“பொட்டு வெச்சாச்சே சார். இனிமே வியாழக்கிழமைதான். அது மட்டும் இல்ல...” அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. “பூஜைக்கு எல்லாத்தையும் சுத்தம் பண்ணிட்டோம். வெளியில தொடச்சா மட்டும் போதுமா? உள்ளயும் குப்பைதானே. காலையில ஆறு மெஷினையும் ஃபார்மேட் அடிச்சு, புதுசா விண்டோஸ் போட்டாச்சு. இப்ப எப்படி ஓடுது தெரியுமா, குதிரை மாதிரி!”

எங்கள் பட்டறையிலும் பூஜைக்கு முன்பு மெஷினைக் கழுவுவோம், பழைய எண்ணெயை வடிப்போம், துரு சுரண்டுவோம். அதற்காக அச்சைக் கழற்றிக் குப்பையில் போடுவதில்லை. இவர்கள் போட்டார்கள். அதைப் புண்ணியம் என்று நினைத்துப் போட்டார்கள்.

“என் ஃபைல்?”

“எந்த ஃபைல் சார்? ஸ்டூடண்ட் பிராக்டீஸ் எல்லாம் போயிருக்கும். பிராக்டீஸ்தானே, மறுபடி அடிச்சுக்கலாம்.”

ஆறாவது கணினி முன்னால் உட்கார்ந்தேன். விசைப்பலகை மேலிருந்த பூவை ஒரே தள்ளாகத் தள்ளினேன். பவர் பொத்தான் மேல் குங்குமம் அப்பியிருந்தது. கட்டைவிரலால் அழுத்தித் துடைத்துவிட்டுப் போட்டேன். பின்னால் ஒரு பெண் “ஐயோ” என்றார். மேனேஜர், “சார், சார், பொட்டை அழிக்கிறீங்க!” என்று கத்தினார்.

கணினி ஓடியது. குதிரை மாதிரிதான் ஓடியது. பாட்டு இல்லை. அந்தப் பாட்டைச் செய்த மென்பொருளும் இல்லை. பச்சைநிறத் திரையில் நான்கு படங்கள், அவ்வளவுதான். நான் திட்டிய வார்த்தைகளை டைரியில் எழுதவில்லை. இனி சென்டர் பக்கம் வராதீர்கள் என்றார் மேனேஜர். வரச் சொன்னாலும் வரப் போவதில்லை என்றேன்.

புதன்கிழமை பட்டறையில் பூஜை. மைக்செட் காலையிலிருந்து அலறியது. என்னைக் கிண்டல் செய்தவர்களுக்கு நான் பயப்படவில்லை. ஒருத்தருக்கும் என் பாட்டு ஞாபகமே இல்லை. புதுச் சட்டை போட்டு, மூன்றாம் நம்பர் பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்ற அவனுக்கு மட்டும் இருந்தது.

“எப்ப மாமே போடுவாங்க? பொரி குட்க்கறதுக்கு முன்னயா, அப்பாலயா?”

நடந்ததைச் சொன்னேன். அவனும் கொதிப்பான், இரண்டு பேருமாகப் போய் அந்த மேனேஜரைக் கேட்போம் என்று எண்ணியிருந்தேன். அவன் கொதிக்கத்தான் செய்தான்.

“பொட்ட அழிச்சியா? நீயா?”

“நாலு மாச வேலைடா! உன் மெஷினோட பாட்டு!”

“பாட்டு போனா மயிரே போச்சு. பொட்ட ஏன்டா அழிச்ச? நான் தெனிக்கும் இதுக்குள்ள கைய உட்டு எடுக்கறவன். கை முழுசா கீது பாத்தியா?” பத்து விரலையும் என் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினான். “போ அந்தாண்ட.”

எனக்கு அவன் மேலும் கோபம். அவன் சொன்னது புரிந்ததால் இன்னும் அதிகக் கோபம். அவன் விரலைக் காப்பது நான் பழுது பார்க்கும் அச்சும் காவல் கம்பியும்தான், குங்குமம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஒலிபெருக்கி என் குரலை விழுங்கிவிட்டது.

வியாழக்கிழமை காலை டேப் ரெக்கார்டரோடு வந்தேன். விஜயதசமியில் தொடங்கினால் நல்லது என்பதற்காக அல்ல. அன்று இருவருக்கும் முதல் ஷிப்ட் என்பதற்காக. எண்கள் நோட்டில் இருந்தன. அந்தச் சத்தம் வேண்டும். அது அவனிடம்தான் இருந்தது.

என்னைப் பார்த்ததும் அவன் மிதிகட்டையிலிருந்து காலை எடுத்துக்கொண்டான். ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினான். குங்குமம். மெஷினின் நெற்றியைக் கண்ணால் காட்டினான். அங்கே பொட்டு ஏற்கெனவே இருந்தது. அதன் மேல் நான் இன்னொன்று வைக்க வேண்டுமாம்.

நின்றேன். சங்கு ஊதிவிட்டது, மற்ற மெஷின்கள் தொடங்கிவிட்டன. அவன் அசையவில்லை. எனக்கு அதில் கொஞ்சமும் நம்பிக்கை கிடையாது, இன்றும் கிடையாது. கட்டைவிரலால் தொட்டு வைத்தேன்.

“ம். இப்ப புடி. கொஞ்சம் எட்டி நில்லு.”

பதிவுப் பொத்தானை அழுத்தினேன். அவன் மிதிப்பதற்கு முந்தைய நொடியில், எல்லாரையும் சேர்த்து, பல்லுக்குள் ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன். நாடா ஓடுவது ஞாபகம் இல்லை.

வேறொரு சென்டர் தேடி, அங்கே அதே மென்பொருளை ஏற்ற வைத்து, நோட்டைப் பார்த்து எண்களைப் போட்டு, அடுத்த வருஷப் பூஜைக்கு மூன்று கேசட்டில் பிரதி எடுத்தேன். பாட்டு அந்தக் கெட்ட வார்த்தையில்தான் தொடங்குகிறது. எங்கே வெட்டினால் சொடுக்கு இல்லாமல் அதை எடுக்கலாம் என்று எனக்கு அப்போது நன்றாகத் தெரியும். எடுக்கவில்லை.