புகார்ப் பெட்டிக்கு ஒரு நாத்தனார்

கவுண்ட்டரம்மாவைப் பற்றி யாரும் ஒரு குறை சொன்னதில்லை. அவள் வேலைக்கு உலை வைத்தது அதுதான் என்றால் நம்புவீர்களா?

அவள் வேலை பார்த்தது ஒரு சின்ன ஓவியக்கூடத்தில். பல் டாக்டர் ஒருவர் ஆயுசு முழுக்கச் சேர்த்த படங்களையும், தான் குடியிருந்த வீட்டையும் பொதுமக்களுக்கென்று எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். மொத்தம் நான்கு அறை. மூன்றாம் அறைச் சுவரில் வாய் கொப்பளிக்கும் தொட்டி இன்னும் அப்படியே இருக்கிறது. அதில் துப்பக் கூடாது என்று ஓர் அட்டையும் தொங்குகிறது. ஊழியர்கள் மூன்று பேர்: காப்பாளர், காவலாளி, டிக்கெட் கவுண்ட்டரில் இவள். பதினொரு வருஷமாக அதே ஜன்னல், அதே சீல் கட்டை. கவுண்ட்டரம்மா என்ற பெயர் அதனால் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்காரரே சில நேரம் வாய் தவறி அப்படிக் கூப்பிடுவார்.

வாசலில் ஒரு பெரிய பலகை. ‘பார்வையாளருக்கு எங்கள் உறுதிமொழிகள்’ என்று ஏழு. வந்தவரை ஒரு நிமிஷத்துக்குள் முகம் மலர வரவேற்போம், அறைக்கு ஓர் இருக்கை போடுவோம், ஊழியர்கள் எவருக்கும் சரியான தகவலையே தருவார்கள், புகார் வந்தால் பத்து நாளுக்குள் எழுத்தில் உண்மையான பதில் தருவோம், இத்தியாதி. மற்ற இடங்களில் இப்படிப் பலகைகள் ஒட்டடை பிடிக்கத்தான் இருக்கும். இவளோ அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். தும்மல் வந்தால்கூட அடக்கிக்கொண்டு முதலில் வரவேற்பாள், பிறகுதான் தும்முவாள். அப்புறம் புகார் எங்கிருந்து வரும்?

மேலிடத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு படிவம் போக வேண்டும். வந்த புகார் எத்தனை, பதில் தந்தது எத்தனை, சதவீதம் என்ன. காப்பாளர் நேர்மையான மனிதர். வந்தது பூஜ்யம், பதில் தந்தது பூஜ்யம் என்று நிரப்பி அனுப்பினார். அங்கே இருந்த கம்ப்யூட்டர், புகார் நிவர்த்தி பூஜ்யம் சதவீதம் என்று போட்டுவிட்டது. நான்கு தடவை தொடர்ந்து பூஜ்யம். ஐந்தாவது தடவையும் இப்படியே இருந்தால் கவுண்ட்டர் பணியிடத்தை ரத்து செய்து டிக்கெட் மெஷின் வைக்கப்படும் என்று கடிதம் வந்தது.

“புகாரே வரலைன்னு விளக்கமா எழுதினேம்மா,” என்றார் காப்பாளர். “புகார் வராம நீங்க ஒழுங்கா பதில் சொல்லுவீங்கன்னு நாங்க எப்படி நம்புறதுன்னு கேக்குறாங்க.”

“இப்ப என்ன சார் பண்றது?”

“ஒரே ஒரு புகார் வேணும். நிஜமான ஆள், நிஜமான குறை. பொய்யா நாமளே எழுதிப் போடுறதுக்கு நான் சம்மதிக்க மாட்டேன். பதினஞ்சு நாள் இருக்கு.”

கவுண்ட்டரம்மா காலண்டரில் பதினைந்து நாளை எண்ணிப் பார்த்தாள். வேலை போனால் வீட்டில் உட்கார வேண்டும். வீட்டில் நாத்தனார் இருந்தார். அவ்வளவுதான் விஷயம். சம்பளத்தைக்கூட அவள் அப்புறம்தான் நினைத்தாள்.

வீட்டுக்காரரின் அக்கா அவர். ஆயத்த ஆடை ஆலையில் முப்பத்தோரு வருஷம் சட்டைகளில் பழுது கண்டுபிடிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குறை சொல்லச் சொல்லி மாதாமாதம் சம்பளம் கொடுத்திருக்கிறார்கள், பழக்கம் லேசில் போகுமா? மூன்று வருஷமாகத் தம்பி வீட்டில்தான் வாசம். கவுண்ட்டரம்மா சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவார். திரைச்சீலை ஒரு பக்கம் ஏறியிருக்கிறது, பால் பாத்திரத்தின் மூடி அந்தப் பாத்திரத்தின் மூடியே இல்லை, அலமாரிக் கதவு பெருமூச்சு விடுகிறது. வீட்டுக்காரர் பேப்பரை விரித்து அதற்குள் குடித்தனம் போய்விடுவார். மாட்டிக்கொள்வது இவள். ஓவியக்கூடத்தின் ஏழு மணி நேரம்தான் இவள் மூச்சு விடும் நேரம். அதைக் காப்பாற்ற, “அந்த இடத்துல என்ன அண்ணி இருக்கு, நாலு சுவரு, தூசி, வேற ஒண்ணுமில்ல” என்று மூன்று வருஷமாகச் சொல்லி வைத்திருந்தாள்.

புகார் சம்பாதிக்கும் படலம் மறுநாளே தொடங்கியது. முதலில் வரவேற்பை நிறுத்தினாள். உம்மென்று இருந்த அவளைப் பார்த்து ஒரு வாத்தியார், “உடம்பு சரியில்லையாம்மா?” என்று தலைவலி மாத்திரை கொடுத்துவிட்டுப் போனார். அறைகளிலிருந்த பெஞ்சுகளை எல்லாம் தூக்கிக் கொல்லைப் பக்கம் போட்டாள். “நின்னு பாத்தாத்தாங்க படம் நல்லா இருக்கு,” என்றார் ஒரு பெரியவர். விளக்கைப் பாதி அணைத்தாள். புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று, இத்தனை அருமையான இடத்தை இத்தனை நாள் தெரியாமல் இருந்துவிட்டோமே என்று மாய்ந்து போனது.

கடைசியில் காவலாளியிடம் பார்வையாளர் முன்னால் குறட்டை விடச் சொன்னாள். அந்த மனுஷர் கடமையாக நாற்காலியில் சாய்ந்து, ஊரே கேட்கும்படி விட்டார். வந்தவர்கள் அவர் தூக்கம் கலையக் கூடாதென்று அடிமேல் அடிவைத்து நடந்தார்கள். ஓர் அம்மாள் அவர் மேல் தன் சால்வையைப் போர்த்தினாள். காவலாளி அப்புறம் நிஜமாகவே தூங்கிவிட்டார்.

ஒன்பது நாள் இப்படி வீணாய்ப் போனது. கவுண்ட்டரம்மா வேறு வழியில்லாமல், பல்லைக் கடித்துக்கொண்டு அந்த முடிவுக்கு வந்தாள். குறைக்கென்றே பிறவி எடுத்தவரை வீட்டில் வைத்துக்கொண்டு வெளியே எதற்கு அலைய வேண்டும்? ஒரே ஒரு நாள் அழைத்து வருவோம், ஒரே ஒரு புகார் வாங்குவோம், அத்தோடு சரி.

“அங்கதான் ஒண்ணுமில்லைன்னியே, எதுக்குக் கூப்பிடுற?” என்று கேட்டார் நாத்தனார்.

“சும்மா வந்து பாருங்க அண்ணி. குறை இருந்தா தாராளமா எழுதிக் குடுங்க.”

நாத்தனார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பழைய ஆலைப் பையில் அளவு நாடாவோடு வந்தார். உள்ளே போனவர் மூன்று மணி நேரம் வெளியே வரவில்லை. நேரம் ஆக ஆகக் கவுண்ட்டரம்மாவுக்கு உச்சி குளிர்ந்தது. குறைந்தது நாற்பது குறையாவது தேறும் என்று கணக்குப் போட்டாள்.

வெளியே வந்த நாத்தனார் சொன்னார்: “எல்லாம் சரியா இருக்கு.”

“நல்லாப் பாத்தீங்களா அண்ணி? நாலாம் ரூம்ல ஒரு படம் கோணலா இருக்குமே.”

“படம் நேராத்தான் இருக்கு. சுவருதான் கோணல். கட்டினவன் போய்ச் சேந்திருப்பான், அவனை எங்க போய்த் தேடுறது?”

“உக்கார பெஞ்சு இல்லையே.”

“கொல்லையில கெடந்துச்சு. ஒண்ண எடுத்துப் போட்டு உக்காந்துக்கிட்டேன்.”

“அண்ணி, ஒரு சின்னக் குறையாவது எழுதுங்களேன். என் வேலையே அதுலதான் இருக்கு.”

நாத்தனார் அவளை மேலும் கீழும் பார்த்தார். “முப்பத்தோரு வருஷத்துல ஒரு நல்ல சட்டையை நான் பழுதுன்னு தள்ளினதில்ல. இப்ப வந்து தள்ளச் சொல்றியா?”

“வீட்ல மட்டும் தெனமும் சொல்றீங்களே.”

“வீட்ல இருக்கு, சொல்றேன்,” என்றார் அவர். கவுண்ட்டரம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை காப்பாளர் புகார்ப் பெட்டியைக் குலுக்கிப் பார்த்தார். உள்ளே ஏதோ சரசரத்தது. அந்தப் பெட்டியைத் திறந்த சரித்திரமே இல்லாததால் சாவி எது என்று யாருக்கும் தெரியவில்லை. காவலாளி திருப்புளியால் நெம்பித் திறந்தார். ஒரே ஒரு தாள். மடிப்பு கலையாத, கோடு போட்ட தாள். காப்பாளர் எடுத்துப் படித்தார்.

‘உங்கள் கவுண்ட்டர் ஊழியர் இந்த இடத்தில் தூசியைத் தவிர வேறொன்றும் இல்லை என்று மூன்று வருடமாக எனக்குத் தகவல் தந்திருக்கிறார். இன்று நேரில் பார்த்தேன். தூசி இல்லை, படங்கள் இருக்கின்றன. இந்த மூன்று வருடமும் பகலில் ஏழு மணி நேரம் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தேன். அந்தச் சுவரில் படம் எதுவும் இல்லை. ஊழியர் ஏன் தவறான தகவல் தந்தார் என்று எனக்குத் தெரிய வேண்டும்.’ கீழே கையெழுத்து, தேதி, வீட்டு முகவரி.

காப்பாளருக்குக் கண் கலங்கிவிட்டது. “சரியான தகவல் தருவோம்கிற உறுதிமொழியைத் தெளிவா மீறியிருக்கீங்கம்மா,” என்றார் பூரிப்போடு. “ரொம்ப நன்றி. இதுக்கு உங்க கையாலேயே பதில் எழுதணும். உண்மையான பதில்.”

வேலைப் பளு காரணமாக என்று ஆரம்பித்தாள், காப்பாளர் பேனாவால் அடித்துவிட்டார். ஞாபக மறதி என்று எழுதினாள், அதையும் அடித்துவிட்டார். மூன்றாவது தாளில் அழுகையும் கோபமுமாக ஒரே மூச்சில் எழுதினாள். ‘தினமும் ஏழு மணி நேரம் உங்களிடமிருந்து தள்ளி இருக்க எனக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. நீங்கள் வந்துவிடுவீர்களோ என்று பயந்து பொய் சொன்னேன். நீங்கள் பகலெல்லாம் தனியாக இருப்பதை நான் யோசித்ததே இல்லை. தப்பு என்னுடையது.’ காப்பாளர் இதில் எதையும் அடிக்காமல் சீல் குத்தித் தபாலில் சேர்த்தார்.

தபால் போய்ச் சேர இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் அதே நாத்தனாரோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்ததே, அது இருக்கிறதே, எதிரிக்கும் வரக் கூடாது. மூன்றாம் நாள் கவுண்ட்டரம்மா வீட்டுக்கு வந்தபோது திரைச்சீலை பற்றிப் பேச்சில்லை, மூடி பற்றிப் பேச்சில்லை. நாத்தனார் கடிதத்தோடு வந்த ஒப்புகைச் சீட்டை நிரப்பி அவள் கையில் கொடுத்தார்.

‘பதில் உண்மையானது. ஏற்றுக்கொள்கிறேன். செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் வருவேன். ஊழியர் என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டியதில்லை. நானும் காட்டிக்கொள்ள மாட்டேன்.’

படிவம் போனது. வந்த புகார் ஒன்று, பதில் தந்தது ஒன்று, நூறு சதவீதம். மேலிடம் பாராட்டுக் கடிதம் அனுப்பி, வரும் மாதங்களில் புகார்களை இன்னும் அதிகரிக்க முயலும்படி கேட்டுக்கொண்டது. கவுண்ட்டரம்மாவின் நாற்காலி தப்பித்தது.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு நாத்தனார் வந்தார். வரிசையில் அவருக்கு முன்னால் இரண்டு பேர். பொறுமையாக நின்று ஜன்னலுக்கு வந்தார்.

“ஒரு டிக்கெட் குடுங்க,” என்றார்.

மூன்று வருஷத்தில் அவர் இவளை ‘ங்க’ போட்டுப் பேசியதில்லை. கவுண்ட்டரம்மாவுக்குச் சுருக்கென்றது. “அண்ணி, இப்படிப் பேசாதீங்க. என்னவோ மாதிரி இருக்கு.”

“மன்னிச்சுக்குங்க, நீங்க யாருன்னு எனக்குத் தெரியலையே,” என்றார் நாத்தனார். டிக்கெட்டை வாங்கிக்கொண்டு திரும்பிப் பாராமல் உள்ளே போனார்.

எழுதிக் கொடுத்ததை அட்சரம் பிசகாமல் செய்கிற மனுஷியை என்ன சொல்லித் திட்டுவது? கேட்ட நிம்மதி கிடைத்தது, கையெழுத்தோடு கிடைத்தது. கவுண்ட்டரம்மா அதை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் தவித்தாள். பிறகு காவலாளியைப் பிடித்துத் தன் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு உள்ளே ஓடினாள்.

இரண்டாம் அறையில் ஆற்றில் துணி துவைக்கும் பெண்களின் படத்துக்கு எதிரே நாத்தனார் உட்கார்ந்திருந்தார். இவள் போய்ப் பெஞ்சின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரம் இருவரும் படத்தையே பார்த்தார்கள். பதினொரு வருஷத்தில் அதில் எத்தனை பெண்கள் என்றுகூட இவள் எண்ணிப் பார்த்ததில்லை.

“அண்ணி, ஏதாவது பேசுங்க,” என்றாள் கடைசியில்.

நாத்தனார் கையிலிருந்த டிக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

“சீல் கோணலா குத்தியிருக்கே,” என்றார். “மையும் பத்தல. தேதி பாதிதான் விழுந்திருக்கு. பதினோரு வருஷமா என்னத்தடி குத்துற?”

கவுண்ட்டரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இன்னும் சொல்லுங்க அண்ணி,” என்றாள்.