ரமணியின் வெள்ளிக்கிழமைப் பக்கங்கள்

ரமணி வென்றவை இவை: எண்பத்தெட்டு கிலோ உடம்பை ஒன்பது மாதத்தில் எழுபத்தொன்றாக்கினாள். பதினான்கு மில்லிமோலில் நின்ற வெறும் வயிற்றுச் சர்க்கரையை ஏழுக்கு இறக்கினாள். மலேசியாவின் பந்திங் தோட்டத்தில் பிறந்து, பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள், ஐம்பத்து மூன்று வயதில் தன் பெயரை எழுதப் பழகினாள்.

மேருவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் அவள் நின்றபடியே பெட்டி கட்டினாள். கால் பெருவிரலில் புண் வந்தது. கிள்ளான் மருத்துவமனையில் உணவு ஆலோசகர் நிரஞ்சனி ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தார். ஒரு நாளைக்கு ஆயிரத்து ஐந்நூறு கலோரி, அதற்கு மேல் போனால் காலுக்கு உத்தரவாதமில்லை, தின்றதையெல்லாம் குறிக்க வேண்டும் என்றார். ரமணி படம் வரைந்தாள். சோற்றுக்கு வட்டம், மீனுக்கு வால். சோற்றைப் பாதியாக்கினாள். இரண்டு மாதமாகியும் சர்க்கரை அசையவில்லை.

"வெள்ளிக்கிழமை மட்டும் ஏன் வெறும் பக்கமா இருக்கு, அக்கா?"

"விரதம் மிஸ்ஸி. ஒன்னும் சாப்பிடல."

"குடிக்கவும் இல்லையா?"

"தே தாரிக் மட்டும், அஞ்சு கிளாஸ். மத்த நாளும் அவ்ளோதான். அது தண்ணிதானே லா."

நிரஞ்சனி பேனாவைக் கீழே வைத்தார். டின் பாலும் சீனியும் கரைத்து நுரைக்க ஆற்றிய தேநீர், ஐந்து கிளாஸ், தொள்ளாயிரம் கலோரி. பசியையும் அடக்காது, சத்தும் தராது. அந்த இரண்டு மாதத்தில் புண் ஆழமாகிவிட்டிருந்தது.

அன்றே ரமணி டின் பாலை விட்டாள். கணவர் ரெங்கசாமி தினமும் அவள் முன் உட்கார்ந்து தே தாரிக்கை நுரை பொங்க உறிஞ்சினார்.

"ஆனை எளைச்சா ஆடாயிடுமா? இந்தா, ஒரு வாய். குடிச்சா காலா கழண்டு விழுந்திடும்?"

அவள் கிளாஸை நகர்த்திவிட்டு, நோட்டின் பின்பக்கத்தில் தன் பெயரை எழுதிப் பழகினாள். ஏப்ரலில் மகள் மலர்விழியின் திருமணப் பதிவு. சாட்சிக் கையெழுத்து அவளுடையது. முதல் கையெழுத்து அங்கேதான் என்று வைத்திருந்தாள்.

சர்க்கரை இறங்கியது. ஆனால் அதற்குள் புண் எலும்பைத் தொட்டிருந்தது. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர். சம்மதப் படிவத்தோடு மைப்பெட்டியும் வந்தது.

"கைநாட்டு வச்சிட்டு வா லா. டாக்டர் நிக்கிறாரு பாரு" என்றார் ரெங்கசாமி.

ரமணி மைப்பெட்டியை மூடினாள். பேனா கேட்டாள். பெயரின் மூன்று எழுத்தும் கோட்டை விட்டு இறங்கவில்லை.

படிவத்தில் தேதி: 2024 மார்ச் 15, வெள்ளிக்கிழமை.