நெல்லிக்கொட்டை வழக்கு

மாரடைப்பிலிருந்து பிழைத்த என்னைப் புகையிலையை விட்டுவிட்டுத் தினமும் நடக்கவும், நெல்லிக்காய் தின்னவும் சொன்னார் கும்பகோணம் டாக்டர். பாபநாசத்தில் என் வயல் வரப்பிலேயே நடந்தேன். வயலைக் குத்தகைக்குச் சாகுபடி செய்தவரோடு எனக்கு நிலத் தகராறு இருந்தது. நடந்துகொண்டே நான் வயலில் துப்பிய நெல்லிக்கொட்டைகளை அவர் பொறுக்கி, தாசில்தார் மேஜையில் கொட்டினார்.

“மரம் வச்சு என்னை வெளியேத்தப் பாக்குறாருங்க.”

நான் டாக்டர் சீட்டை நீட்டினேன். தாசில்தார் அதை இரண்டு முறை படித்தார்.

“எனக்கும் நெஞ்சுவலி உண்டு. நெல்லிக்காய்க்குக் கேக்குதாங்க?” என்று கேட்டுவிட்டு விசாரணையை ஒத்திவைத்தார்.

மறுநாள் குத்தகைக்காரர் வரப்பில் காத்திருந்தார். “கொட்டையை எங்கிட்டயே குடுத்துடுங்க” என்று கூடவே நடந்தார். தகராறு தீரும்வரை ஒரு நாளும் தவறவில்லை. தனியாக என்றால் பத்தே நாளில் நடையை விட்டிருப்பேன்.