சர்வருக்குப் போட்ட மாலை

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் எங்கள் மில்லின் சர்வர் படுத்துக்கொண்டது. பில் போடும் புரோகிராம் ஓடும், கொஞ்சத்தில் நின்றுவிடும். பிராசஸ் நின்றுவிட்டது என்று திரையில் ஆங்கிலத்தில் சர்வரே காட்டும் ஒரு வரி, கீழே ஒன்றுக்கும் உதவாத ஒரு எண். ராஜபாளையத்தில் எத்தனையோ மில். எங்கள் வாசலில் மட்டும் நூல் மூட்டை ஏற்றிய லாரிகள் பில்லுக்காகக் காத்துக் கிடந்தன.

"அண்ணாச்சி, செத்த வெரசாப் போடுங்க. தூத்துக்குடி போயி எறக்கணும்" என்று ஒரு டிரைவர் ஜன்னல் வழியாகக் கேட்டார்.

"நான் என்ன, பில்லை மடியிலயா கட்டி வச்சிருக்கேன்?" என்றேன். கோபம் அவர்மேல் இல்லை.

அந்தப் புரோகிராமை எழுதியவள் என் மனைவி. இருவருக்கும் இதே அறையில்தான் வேலை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரே பஸ்ஸில் வருவோம். போன தை மாதம் போய்ச் சேர்ந்துவிட்டாள். பஸ்ஸில் என் பக்கத்தில் வேறு யாராவது வந்து உட்கார்ந்தால் இன்றைக்கும் எரிச்சலாக வருகிறது.

ஆங்கிலத்தில் எரர் வந்தால் அவளுக்கு ஆகாது. "ஷிப்டுல இருக்கவுக படிச்சா வெளங்கணும்லா?" என்பாள். தான் எழுதியதில் எல்லாம் பேச்சுத் தமிழிலேயே செய்தி வைப்பாள். டிஸ்க் நிறைந்தால், 'எடம் இல்ல, பழசை அள்ளி வெளிய போடுங்க' என்று வரும். "இது ஆபீஸா, வீடா?" என்று மேனேஜர் சலித்துக்கொள்வார். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது.

கேபிளை ஆட்டிப் பார்த்தேன். மெமரியைப் பார்த்தேன். மறுபடி ஓடவிட்டேன், மறுபடி நின்றது. அப்போதுதான், நான் அதுவரை பார்த்தே இராத ஒரு செய்தி திரையில் வந்தது.

'சூடு ஏறிட்டு. ஆயுத பூஜை முடிஞ்சிருந்தா மொதல்ல மாலையை எடுங்க. ஃபேனை மூடிக்கிட்டுக் கெடக்கும். அங்கயும் இங்கயும் நோண்டாதீங்க.'

திரும்பிப் பார்த்தேன். சர்வருக்குச் சந்தனம், குங்குமம், காற்றுப் போகிற ஓட்டை அத்தனையையும் அடைத்துக்கொண்டு செவ்வந்தி மாலை. வருஷா வருஷம் பூஜை முடிந்து கிளம்பும்போது அதைக் கழற்றி ஜன்னல் கம்பியில் மாட்டுவது அவள்தான். அதனால் இந்தச் செய்திக்கு வேலையே வந்ததில்லை. இந்த வருஷம் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை.

மாலையை எடுத்தேன். வெதுவெதுவென்று இருந்தது. செத்த நேரத்தில் புரோகிராம் ஓடியது, லாரிகள் போயின. அவளுடைய வரிகள் மேலே நகர்ந்து மறைந்தன. இன்னும் ரெண்டு வார்த்தை திட்டியிருக்கலாமே என்று ஏங்கிப்போய் உட்கார்ந்திருந்தேன்.

மேனேஜர் வந்தார். "மாலையாலதானா இம்புட்டும்? அடுத்த வருஷம் சர்வருக்கு மாலையே வேண்டாம்யா."

"அப்படி விடக் கூடாது சார்" என்றேன். "எல்லா மிஷினுக்கும் போடுதோம். இதுக்கும் நல்லாப் பெருசாவே போட்டுருவோம்."