முகத்தில் இருந்த விடை

நாலாம் வகுப்பு ஆங்கில ஓரல் டெஸ்டில் என் மகள் தேறவில்லை. இன்னொரு முறை கேட்பதாகவும், அதிலும் தேறாவிட்டால் பள்ளி விட்ட பிறகு தனி வகுப்பில் உட்கார வேண்டும் என்றும் மிஸ் சொல்லிவிட்டார். அங்கே போகும் பிள்ளைகளை மற்றவர்கள் 'டப்பா பேட்ச்' என்று கூப்பிடுவார்களாம். அதைச் சொல்லும்போது அவள் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

பாடம், இன்டிரான்ஸிட்டிவ் வெர்ப். ஆப்ஜெக்ட் தேவைப்படாத வினைச்சொல். ஆபீஸ் முடிந்து வந்து, சின்னவனுக்கு ஊட்டிவிட்டு, தினமும் அவளைச் சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார வைத்தேன். "வெர்பைப் பார்த்து எதை, யாரைன்னு கேளு. பதில் வந்தா ஆப்ஜெக்ட் இருக்கு. எங்கே, எப்போன்னு கேட்டு வர்றது சேராது" என்றேன். தமிழில் கேட்கச் சொல்லி இன்னும் குழப்புகிறேனோ என்று பாத்திரம் தேய்க்கும்போது தோன்றும். ஆனால் சில நாட்களில் ஒரு தப்புகூட வரவில்லை. "நீ டீச்சராவே போயிருக்கலாம்" என்றார் கணவர். எனக்குச் சிரிக்கவும் தெம்பில்லை.

டெஸ்ட் அன்று காலை மந்தைவெளியிலிருந்து அடையாறுக்கு ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தோம். மெட்ரோ வேலைத் தடுப்புகளுக்கு நடுவே ஊர்ந்தபடி கடைசியாக ஒருமுறை கேட்டேன்.

"ஷீ ஸ்லெப்ட் ஆன் தி மேட். ஆப்ஜெக்ட் இருக்கா?"

"இருக்கு. பாய்."

"ஹி கிக்ட் தி பால்?"

"இல்ல."

எல்லாம் தலைகீழாக வந்தது. சிக்னலில் நின்றபோது வண்டியின் கண்ணாடியில் பார்த்தேன். அவள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி பண்ற?"

"கண்ணாடியக் கொஞ்சம் திருப்பும்மா. உன் மூஞ்சி தெரியல."

"என் மூஞ்சி எதுக்கு?"

"ஆப்ஜெக்ட் இருந்தா நீ புருவத்தத் தூக்குவ. இல்லன்னா உதட்டக் கடிப்ப."

"அப்போ மிஸ் கேட்டா?"

"மிஸ் மூஞ்சில ஒண்ணுமே தெரியாதும்மா. அதான் போன தடவ தப்பாயிடுச்சு."

பக்கத்து ஆட்டோக்காரர் சிரித்துவிட்டார். "இன்னாக்கா, ரோட்லயே டியூஷனா? சிக்னல் உழுந்துச்சு, போ போ."

கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். இத்தனை நாளும் அவள் மும்முரமாகப் படித்தது என்னைத்தான். முகம் தெரியாதபடி ஹெல்மெட்டின் கறுப்புக் கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டேன்.

பாலத்தில் ஏறியதும் கேட்டேன். "தி பேபி க்ரைட் லவுட்லி."

'சின்னவன் அழுவானே, அதை நினைச்சுப் பாரு' என்று நாக்கு நுனிவரை வந்தது. அடக்கிக்கொண்டேன். பாலம் முடியப்போகும் நேரத்தில் முதுகுக்குப் பின்னால் முணுமுணுப்பு கேட்டது.

"எதை அழுதான்... யாரை அழுதான்... ஒண்ணும் வரலம்மா. சத்தமா அழுதான், அவ்ளோதான். ஆப்ஜெக்ட் இல்ல."

நான் ரோட்டையே பார்த்து ஓட்டினேன்.

"சரியாம்மா?"

"நீ என்ன நினைக்கிற?"

"சரின்னுதான் நினைக்கிறேன். நீ ஏன் சொல்ல மாட்டேங்கிற?"

டெஸ்டுக்குப் போகிற பிள்ளையிடம் இதைக்கூடச் சொல்லாமல் இருப்பது கொடுமையா, நல்லதா, தெரியவில்லை. பள்ளி கேட்டில் இறங்கி, குனிந்து என் முகத்தைத் தேடினாள். தண்ணீர் பாட்டிலைத் தேடுவது போல நான் பைக்குள் குனிந்துகொண்டேன். உதட்டை அசைத்துக்கொண்டே உள்ளே போனாள். அன்று ஆபீஸில் இரண்டு மெயிலை ஆள் மாற்றி அனுப்பினேன்.

சாயங்காலம் ஓடி வந்தாள். "பாஸ்மா! டப்பா பேட்ச் இல்ல! ரெண்டுதான் தப்பு."

"எந்த ரெண்டு?" என்று உடனே கேட்டுவிட்டேன்.

"அத விடும்மா. பசிக்குது."

விட்டுவிட்டேன். வீடு வந்து சேரும்வரை அந்த இரண்டும் எதுவாக இருக்கும் என்று மட்டும் யோசித்துக்கொண்டே வந்தேன்.