வெடிக்க மறுத்த கிருமி

அந்த ஆய்வகத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. முன்பு அங்கே படித்த அவளுடைய அக்கா மகள் ஒருத்தி வாய் ஓயாமல் "சித்தி, சித்தி" என்று கூப்பிட்டுத் தொலைத்ததில், ஆராய்ச்சி மாணவர்கள் முதல் கண்ணாடிக் குடுவை கழுவுகிறவர் வரை எல்லோருக்கும் அவள் சித்தியாகிவிட்டாள். அவளைவிடப் பத்து வயது மூத்த துறைத்தலைவரே ஒரு கூட்டத்தில் வாய் தவறி, "சித்தி சொல்வது என்னவென்றால்" என்று ஆரம்பித்துவிட்டு, அவசரமாகத் தண்ணீர் குடித்துச் சமாளித்தார்.

முனைவர் பட்டம் வாங்கிய கையோடு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தார்கள். அவர்கள் பள்ளிக்கூடம் போகிறவரை வீட்டோடு இருந்துவிட்டு அவள் திரும்பி வந்தபோது, கூடப் படித்தவர்களெல்லாம் பெரிய நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்குக் கிடைத்தது ஜன்னலோரம் ஒரு மேசை, ஆடுகிற முக்காலி ஒன்று, வேறு யாரும் சீந்தாத ஒரு வேலை. இப்படிப்பட்டவர்களைப் பற்றி எழுதும்போது "அவர் எதற்கும் வருந்தியதில்லை" என்று எழுதிவிடுவார்கள். சுத்தப் பொய். அவள் நன்றாகவே வருத்தப்பட்டாள். வருத்தப்பட்டுக்கொண்டே வேலையும் பார்த்தாள், அவ்வளவுதான்.

வேலை ஒரு மண் பாக்டீரியாவோடு. சாப்பாடு இருக்கும்வரை அது பாட்டுக்குத் தின்று பெருகிக்கொண்டிருக்கும். சாப்பாடு தீர்ந்ததும் அதன் மரபணுக்களில் ஒன்றன்பின் ஒன்றாக விசைகள் போடப்படும். முந்தைய விசைகள் விழுந்ததும் அதன் வயிற்றுக்குள் ஒரு ஸ்போர் உருவாகத் தொடங்கும். பஞ்ச காலம் தாண்டும்வரை உறங்கிக் கிடக்கப்போகிற விதை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பக்கத்திலேயே புழுக்களைக் கொல்லும் புரதம் ஒன்று வைரக்கல் வடிவத்தில் படிகமாகத் திரளும். கடைசி விசை விழுந்தால் ஸ்போர் முற்றி, தாய் செல் வெடித்து, இரண்டும் வெளியே வரும். இரண்டையும் சேர்த்துக் காயவைத்தால் முட்டைக்கோஸ் வயலுக்குத் தெளிக்கிற பொடி தயார்.

பொடி நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் உயிருள்ள ஸ்போர்கள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடப்பது யாருக்கும் பிடிக்கவில்லை. படிகம் வேண்டும், ஸ்போர் வேண்டாம் என்றார்கள். சித்தியின் யோசனை எளிமையானது. கடைசி விசைக்கான மரபணுவை வெட்டி எடுத்துவிடுவது. படிகத்தின் மரபணுவை முந்தைய விசை ஒன்றோடு மட்டும் இணைத்துவிடுவது. சொல்வதற்கு இரண்டு வரி. அவள் செய்து முடிப்பதற்குள் இரட்டையருக்குப் பால்பல் விழுந்து புதுப்பல் முளைத்துவிட்டது.

விளைவு? பூஜ்யம்.

அங்கே படிகத்தை அளக்கிற முறை இதுதான்: செல்கள் வெடித்து முடிந்ததும் திரவத்தைக் குழாயில் வேகமாகச் சுழற்றுவார்கள். படிகங்கள் வெள்ளைக் கோடாகத் தனியே நிற்கும். அந்தக் கோட்டை மட்டும் எடுத்து அளந்துவிட்டு, மிச்சத்தைக் கழிவு என்று கொட்டிவிடுவார்கள். சித்தியின் குழாயில் கோடே விழவில்லை. மறுபடி செய்தாள், விழவில்லை. தலைகீழாக நின்றும் பார்த்துவிட்டாள்.

"ஸ்போரை மட்டும் எடுக்கப்போய் மருந்தையும் சேத்து எடுத்துட்டோம்மா," என்றார் தலைவர். "இந்த மாசக் கடைசில ஃப்ரீசரைக் காலி பண்றோம். வேலைக்கு ஆகாத கிருமி வகையெல்லாம் சாகடிக்க அவிக்கிற பாத்திரத்துக்குப் போகுது. இதையும் சேத்துக்கறேன்."

அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் வீட்டுக்குப் போய்த் திட்டித் தீர்த்திருக்கலாம். அதற்கும் வழியில்லை.

கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பகலெல்லாம் அடுத்தவர்கள் தப்புத்தப்பாகப் போடுகிற பிரேக்கைத் தாங்கிவிட்டு வருகிறவருக்குப் பொறுமைக்குப் பஞ்சமில்லை.

"அந்தக் கிருமி ஏன் இப்படிப் பண்ணுதாம்?" என்று கேட்டார்.

"வெடிக்க மாட்டேங்குதுங்க. எத்தனை நாள் வெச்சாலும் அப்படியே கெடக்கு."

"நனைஞ்ச பட்டாசா போச்சா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "இது போச்சுன்னா நான் திரும்ப அங்க போக மாட்டேன். என்னுதுன்னு சொல்லிக்க அங்க வேற ஒண்ணும் இல்லை," என்றாள்.

மறுநாள் கழிவுக் குழாய்களைக் கொட்டப் போனவளின் கை பாதியில் நின்றது. அடியில் வண்டல் கெட்டியாக, கனமாக இருந்தது. வெறும் செல்லுக்கு இத்தனை கனம் ஏது? ஒரு சொட்டை எடுத்துக் கறுப்புச் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தாள்.

ஒவ்வொரு செல்லுக்குள்ளும் கன்னங்கரேலென்று ஒரு வைரக்கல். ஒன்றிரண்டு இல்லை, பார்த்த இடமெல்லாம்.

அவளுக்குத் தன் தலையிலேயே ஒரு குட்டு வைத்துக்கொள்ளத் தோன்றியது. செல்லை வெடிக்கவைப்பதும் அந்தக் கடைசி விசையின் வேலைதான். அதைத் தன் கையாலேயே வெட்டி எடுத்தவளும் அவள்தான். வீட்டை வெளியிலிருந்து பூட்டிச் சாவியையும் எடுத்து வைத்துக்கொண்டு, உள்ளே இருப்பவர்கள் ஏன் வரவில்லை என்று வாசலில் காத்திருந்திருக்கிறாள். அத்தனை நாளும் மருந்தைக் கழிவென்று கொட்டியிருக்கிறார்கள், அவள் உட்பட எல்லோரும்.

ஓடினாள். படிக்கட்டில் ஒரு செருப்பு கழன்றது. அதை அங்கேயே விட்டுவிட்டு ஓடினாள்.

தலைவர் வந்து பார்த்தார், புருவம் உயர்ந்தது, பிறகு இறங்கிவிட்டது. "உள்ளேயே அடைஞ்சு கெடந்தா யாருக்கும்மா பிரயோஜனம்? இதை உடைக்கத் தனியா மெஷின் வேணும்."

"நாம ஏன் சார் உடைக்கணும்? புழுவுக்கு வயிறுன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு? முழுசா திங்கட்டும், அதுவே உள்ள கரைச்சுக்கும்."

பரிசோதனைக்காகப் புழு வளர்க்கும் அறையைக் கவனிப்பவர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "வயிறு எதுக்குன்னு என் புழுப் பிள்ளைங்களுக்கு நல்லாப் புரிஞ்சுபோச்சு சார்," என்றார் முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

வயலில் ஒரு சோதனைக்குத் தலைவர் ஒப்புக்கொண்டார். பாதிப் பாத்திக்குப் பழைய பொடி, பாதிக்குச் சித்தியுடையது. தெளித்த உடனே விட்ட புழுக்கள் இரண்டு பக்கமும் செத்தன. சித்தி மலர்ந்த முகத்தோடு நிமிர்ந்தாள்.

"ரெண்டும் சமம்," என்றார் தலைவர். "பழசு அளவுக்குத்தான் இருக்குன்னா, அத்தனை பேரும் எதுக்கும்மா பழக்கத்தை மாத்தணும்? சமம்னா தோத்த மாதிரிதான்."

வெயில் கொளுத்தியது. பாத்தியின் வரப்பு தொட்டால் சுட்டது. சித்தி அந்த வெயிலையே நிமிர்ந்து பார்த்தாள். பழைய பொடியை வெயில் தின்றுவிடும், அது ஊரறிந்த குறை. வெளியே கிடக்கிற படிகம்தானே வெயிலில் கெடும்? அவளுடையது செல்லுக்குள் போர்த்திக்கொண்டு கிடக்கிறதே!

"சார், இப்படியே விட்டுடலாம். ஒரு வாரம் நல்லாக் காயட்டும். அப்புறம் புதுசாப் புழு விடலாம்."

"அந்த வாரம்தாம்மா ஃப்ரீசரைக் காலி பண்றோம்."

"வயலைப் பாத்துட்டு வந்து பண்ணுங்க. அவ்வளவுதான் கேக்கறேன்."

"தள்ளிப்போட முடியாது. இந்தக் குழாயை மட்டும் கடைசியா வெக்கச் சொல்றேம்மா," என்றார் தலைவர்.

அந்த வாரம் முழுக்க அவள் சோறு பேருக்குத்தான் தின்றாள். வெயில் கொஞ்சம் மங்கினாலும் வானத்தைத் திட்டினாள். ஊரெல்லாம் மழை வேண்டிக் கிடக்க, ஒருத்தி மட்டும் மேகத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள்.

புதுப் புழுக்களை விட்டுச் சில நாள் கழித்து எல்லோரும் வயலுக்குப் போனார்கள். பழைய பொடிப் பக்கத்தில் இலை என்று சொல்ல ஒன்றும் பாக்கியில்லை. நரம்பு நரம்பாக நின்றது, புழுக்கள் கொழுத்துப்போய் நெளிந்தன. வரப்புக்கு இந்தப் பக்கம், சித்தியின் பாதியில், முட்டைக்கோஸ்கள் இறுகி, பளபளவென்று, ஓரிரண்டு சின்னக் கடி தவிர வேறு சேதமில்லாமல் உட்கார்ந்திருந்தன.

தலைவர் நம்பவில்லை. குனிந்து ஒவ்வொரு இலையாகப் புரட்டினார். கால்சட்டை முட்டி மண்ணானது, கண்ணாடி மூக்கில் வழுக்கியது.

"தேடுங்க சார், நல்லாத் தேடுங்க," என்றாள் சித்தி. சொல்லும்போதே அவள் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. துடைக்கவும் இல்லை. ஏன் துடைக்க வேண்டும்? சம்பாதித்த அழுகை.

புழு அறைக்காரர் செத்து உலர்ந்த புழு ஒன்றை உள்ளங்கையில் ஏந்திக் காட்டினார். "போய்ச் சேந்துட்டான் சார்," என்றார். தலைவர் ஓட்டையைத் தேடுவதை நிறுத்தினார். எழுந்து, மண் கையோடேயே போனை எடுத்து ஆய்வகத்தை அழைத்தார்.

"அவிக்கிற பாத்திரத்தை அணைங்க. அணைச்சாச்சா? சித்தியோட குழாய் உள்ள போயிருந்தா இப்பவே வெளிய எடுங்க... இன்னும் வெக்கலையா? அப்பாடா!"

போனை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "பெரிய தொட்டில வளத்துப் பாக்கணும். எப்ப ஆரம்பிக்கலாம்?"

சித்தி ஏற்கெனவே வண்டியைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள்.

"வாங்க சார், போற வழியில பேசிக்கலாம்," என்றாள்.